தோட்டத்துப் பிள்ளைக்கு நிதித்துறைப் படிப்பு எதற்கு?

(கிளைச் சங்கக் குடும்பக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்திருக்கிறார். கல்வியின் பெருமையை எடுத்துரைக்க நாங்கள் வரவில்லை. ஆபீசில் உட்கார்ந்து உங்கள் சம்பளத்தை எழுதும் கிராணிமார் இருவர் செய்த ஒரு பிழையை உங்கள் முன் ஒப்புக்கொள்ளவே வந்திருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் லயத்துத் தாய் ஒருவர், மரம் வெட்டி முடித்த கையோடு ஆபீசுக்கு வந்தார். எஸ்.டி.பி.எம். தேர்வில் தேறிய மகள், வணிக நிர்வாகத்தில் நிதித்துறைப் பட்டம் படிக்க ஆசைப்படுகிறாள். படிக்க வைக்கலாமா என்று கேட்டார். நாங்கள் சற்றும் யோசிக்காமல், “அதெல்லாம் முதல் உள்ளவன் வீட்டுப் பிள்ளைக்கு, அம்மா. நமக்கு எதற்கு?” என்று சொல்லிவிட்டோம். அந்தத் தாய் எங்கள் சொல்லை நம்பினார். மகள் பட்டணத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள்.

பிறகு சங்கத் தோழர்கள் வற்புறுத்த, நாங்கள் இருவருமே அதே படிப்பில் பகுதி நேரமாகச் சேர்ந்தோம். 21 வயதைக் கடந்தவர்கள், வேலை அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டில் தேறினால் பட்டப்படிப்பில் சேர ‘ஏபெல்’ என்னும் வழி இருக்கிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பித்த எங்களுக்கு முதல் பருவம் பெரும்பாடாகத்தான் இருந்தது. கணக்கியல், பொருளியல், புள்ளியியல், வணிகச் சட்டம், முதலீடு என்று வரிசையாகப் பாடங்கள், நூல்களோ ஆங்கிலத்தில். ஒரு பக்கத்துக்கு ஓர் இரவு போயிற்று.

ஆனால், தோழர்களே, படிக்கப் படிக்க அது நம் வீட்டுக் கதையாக இருந்தது! உரிமம் இல்லாத வட்டிக்காரனிடம் 1,000 வெள்ளி வாங்குகிறோம். மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி. ஒரு காசும் கட்டாமல் வட்டிக்கு வட்டி ஏறினால், பன்னிரண்டாம் மாதக் கடைசியில் கடன் 3,138 வெள்ளி! 1951ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டப்படி, அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. அந்தக் கணக்கில் அதே கடன் 1,180 வெள்ளிதான். இந்த வேற்றுமை தெரியாமல் எத்தனை குடும்பங்களில் தாலிக்கொடி அடகுக்குப் போயிற்று!

சேமநிதியைப் பாருங்கள். 1951இல் அமைக்கப்பட்டது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று ஆயிற்று. அந்தச் சம்பளத்துக்குத் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி. ஆக மாதம் 408 வெள்ளி நம் பேரில் சேருகிறது. அந்தப் பணம் எந்தப் பங்கில், எந்தக் கடன் பத்திரத்தில் போடப்படுகிறது, எவ்வளவு ஈட்டுகிறது என்று ஆராய்வதே நிதித்துறை. அது நமக்குச் சம்பந்தமில்லாத படிப்பா?

ரப்பர் விலை விழுந்துவிட்டது, சம்பளத்தை உயர்த்த முடியாது என்று நிர்வாகம் பேச்சுவார்த்தையில் சொல்லும்போது, கம்பெனியின் ஆண்டுக் கணக்கை விரித்து வைத்து, பங்குதாரருக்குக் கொடுத்த லாப ஈவு எவ்வளவு என்று கேட்க நம் பக்கத்தில் ஆள் வேண்டாமா?

நம் முன்னோர் இதை அறிந்தே இருந்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவுக்கு வந்த காலத்தில், 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிய பணம் சேர்ந்து, கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தையே வாங்கியது. சிறு பணம் முதலானது. அதுவும் நிதித்துறைதானே?

எங்களுக்கு இது விளங்கியதும் வெட்கமாகிவிட்டது. ஒரு மாலை அந்தத் தாயின் வீட்டுக்குப் போனோம். “நாங்கள் சொன்னது தவறு, தங்கச்சி. இப்போதாவது படி” என்றோம். அந்தப் பெண் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “தப்புன்னு சொல்லிட்டீங்க, சரிண்ணே. போன ரெண்டு வருஷத்தை வட்டியோட யாரு குடுப்பாங்க?” என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. மனு எழுதி, பாரம் நிரப்பி, அவளுக்கு இடம் கிடைக்கும்வரை கூட நின்றோம். இப்போது வடக்கே ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். முழுத் திருப்பம் அல்ல அது, தவணைதான்.

பெற்றோர்களே, பட்டம் வாங்கியவுடன் வேலை வாசலில் வந்து நிற்கும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். மூன்று சங்கதிகளை மட்டும் மனத்தில் வையுங்கள். முதலாவது, பணம் கட்டுமுன் அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரத்தை நம்பாதீர்கள். இரண்டாவது, 1997இல் தொடங்கிய பி.டி.பி.டி.என். கடனுதவிக்கு மனுச் செய்யுங்கள். ஆனால் அது கடன். பிள்ளை திருப்பிக் கட்ட வேண்டும். மூன்றாவது, சேமநிதியின் செஜாத்திரா கணக்கிலிருந்து பிள்ளை படிப்புக்குப் பணம் எடுக்க வழியுண்டு. அதைக் கடைசியில் தொடுங்கள். பட்டை முதல், பால் வருமானம் என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைய பாலுக்காகப் பட்டையை ஆழமாக வெட்டினால் மரம் என்ன ஆகும்?

பாரம் நிரப்பத் தெரியாதவர்கள் ஆபீசுக்கு வாருங்கள். இனி நாங்கள் “உனக்கு எதற்கு?” என்று கேட்கமாட்டோம். “என்ன படிக்க ஆசை?” என்றுதான் கேட்போம்.