நின்றுபோன கைக்கடிகாரமும் கூட்டிக் கொடுக்கப்பட்ட நாட்களும்

(பங்காளர் கூடுகையில் மருத்துவமனை ஊழியர்கள் சார்பில் ஆற்றிய உரை)



சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவர்களின் கையில் கடிகாரம் ஓடாது என்று ஒரு பேச்சு உண்டு. புது பாட்டரி போட்டாலும் நின்றுவிடுமாம். அதனால் அவர்கள் கடிகாரம் கட்டுவதையே விட்டுவிடுகிறார்களாம். இது உண்மையா என்று எங்களிடமும் கேட்கிறார்கள். இதைச் சிரித்துத் தள்ளிவிட எங்களுக்கு மனமில்லை. பிழைத்து வீடு திரும்புகிறவரை ஊரார் ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினால், அவர் வேலைக்கும் உறவுக்கும் திரும்புவது கடினமாகிவிடும்.

இந்தப் பேச்சு மேல்நாட்டிலிருந்து வந்தது. சாவை நெருங்கி மீண்டவர்களின் அனுபவங்களை அமெரிக்கரான ரேமண்ட் மூடி 1975-ல் நூலாக வெளியிட்டார். பின்பு கென்னத் ரிங் என்ற மனோதத்துவப் பேராசிரியர் 1992-ல் வெளியிட்ட நூலில், தங்கள் அருகே மின்சாதனங்களும் கடிகாரங்களும் பழுதாகின்றன என்று சிலர் சொன்னதை எழுதினார். அது அவர்கள் கேள்வித்தாளில் தெரிவித்த பதில். கடிகாரத்தைக் கட்டிவிட்டுச் சோதித்துக் கண்ட முடிவல்ல.

நம் இருதயத் துடிப்பினால் ஒரு காந்தப் புலம் உண்டாவது உண்மைதான். ஆனால் அது பூமியின் காந்தப் புலத்தில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் இருக்கும் சிறு படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை நிறுத்த அந்தப் பலம் போதாது. பாட்டரி தீர்ந்தாலும், வியர்வை உள்ளே இறங்கினாலும் யார் கையிலும் கடிகாரம் நிற்கும். நின்றது நினைவில் தங்குகிறது. ஓடிய நாட்களை யார் எண்ணுகிறார்கள்?

நம் நாட்டிலும் இந்த அனுபவங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். டாக்டர் சத்வந்த் பஸ்ரிச்சாவும் டாக்டர் இயான் ஸ்டீவன்சனும் 1986-ல் 16 பேருடைய விவரங்களை வெளியிட்டார்கள். தூதர்கள் அழைத்துப் போனார்கள், அங்கே ஏட்டைப் பார்த்து ஆள் மாறிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள் என்று அவர்களில் பலர் சொன்னார்கள். படுக்கையில் இருப்பவர் இப்படி ஏதாவது சொன்னால் நாங்கள் வாதாடுவதில்லை, பரிகசிப்பதுமில்லை. உட்கார்ந்து கேட்கிறோம்.

நெதர்லாந்தில் பிம் வான் லோமெல் என்ற இருதய மருத்துவரும் அவரது குழுவினரும் 10 மருத்துவமனைகளில், இருதயம் நின்று மீண்ட 344 பேரை விசாரித்து 2001-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 62 பேர் ஏதோ ஓர் அனுபவத்தைச் சொன்னார்கள். எட்டு ஆண்டுகள் கழித்தும் அப்படிப்பட்டவர்களிடத்தில் மரணபயம் குறைந்திருந்தது. பிறர்மேல் அன்பு கூடியிருந்தது. மாற்றம் உண்டு, பிரியமானவர்களே. அது மணிக்கட்டில் அல்ல, மனதில்.

நமது புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வருவோம். தரையில் பாய் விரித்துத் தூங்கும் ஏழையைக் கட்டுவிரியன் இரவில் கடிக்கிறது. வலி அதிகமில்லை, தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடிவதற்குள் இமை தொங்கி, நாக்கு குழறி, மூச்சு அடங்குகிறது. அசைவில்லாத உடலைப் பார்த்து வீட்டார் ஒப்பாரி வைத்துவிடுவார்கள். ஆனால் உள்ளே அவருக்கு நினைவு இருக்கலாம். அந்த அழுகை அவர் காதில் விழுந்துகொண்டே இருக்கலாம். செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காத்திருந்தால் அவர் எழுந்து உட்காருவார். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இங்கேதான் கைக்கடிகாரத்தைப் பற்றி நாங்கள் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. கையில் பாம்பு கடித்தால் கடிகாரம், மோதிரம், வளையல், கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றிவிடுங்கள். விரியன் கடித்த கை வீங்கும்போது அவை இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கழற்றிய கடிகாரத்தில் கடித்த நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். இங்கே நாங்களும் கடிகாரத்தை நம்பியே இருக்கிறோம். நோயாளியின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைப்போம். உறையாவிட்டால் விரியனின் விஷம் இரத்தத்தில் ஏறியிருக்கிறது என்று பொருள். விஷமுறிவு மருந்தைத் தொடங்கிவிடுவோம்.

பரிசுத்த வேதாகமத்திலும் சாவைத் தொட்டு மீண்ட ஒருவருடைய சரித்திரத்தில் கடிகாரம் வருகிறது. எசேக்கியா ராஜா மரணத்துக்கேதுவாய் வியாதிப்பட்டு, சுவர்ப்புறமாய்த் திரும்பி அழுது ஜெபித்தார். கர்த்தர் அவருக்கு 15 ஆண்டுகளைக் கூட்டிக் கொடுத்தார். அதற்கு அடையாளமாக ஆகாசின் சூரிய கடிகாரத்தில் நிழல் பத்துப் பாகை பின்னுக்குப் போயிற்று. அதே வேளையில் அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் வைத்துக் கட்டும்படி ஏசாயா சொன்னதையும் கவனியுங்கள். ஜெபமும் மருந்தும் ஒரே அறையில் இருந்தன. ஆனால் பின்னர் பாபிலோனிலிருந்து வந்தவர்களுக்கு ராஜா தன் பொக்கிஷங்களையெல்லாம் காட்டி மகிழ்ந்தார். பெற்ற உபகாரத்துக்குத் தக்கதாய் அவர் நடக்கவில்லை என்றே வேதம் குறை சொல்கிறது.

ஆகவே பிழைத்து வீடு போகிறவரிடம் நாங்கள் சொல்வது இதுதான். உங்கள் கடிகாரத்தைத் தயங்காமல் கட்டிக்கொள்ளுங்கள். நின்றால் பாட்டரி மாற்றுங்கள். ஆண்டவர் உங்களுக்குக் கூட்டிக் கொடுத்த நாட்களை எதற்குச் செலவிடுவீர்கள் என்பதை மட்டும் யோசியுங்கள்.

பங்காளர்களே, ஒரு பாம்புக்கடி நோயாளிக்கு முதல் தவணையாகவே விஷமுறிவு மருந்து 8 முதல் 10 குப்பிகள் வேண்டும். சுவாசக் கருவி நாள்கணக்கில் ஓடவேண்டும். உங்கள் காணிக்கை இங்கே ஒருவருடைய மூச்சாகவும் நேரமாகவும் மாறுகிறது. தொடர்ந்து ஜெபத்தில் எங்களைத் தாங்குங்கள். காலங்களைத் தம் கரத்தில் வைத்திருக்கிற தேவன் உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.