வலி நின்றால் பல் சுகமாகிவிட்டது என்று அர்த்தமில்லை

(படுவான்கரைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், சேமலாப நிதி, வேலை நாள் என்று பேசும் இந்த இடத்தில் இன்றைக்குப் பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "பல்லுக்கொதியும் சங்கப் பிரச்சினையா?" என்று சிலர் கேட்டீர்கள். சங்கப் பிரச்சினைதான். ஏன் என்று சொல்கிறோம்.

போன வருடம் நாங்கள் படிப்பிக்கும் நாலாம் வகுப்பில் ஒரு பிள்ளை. கெட்டிக்காரன். திடீரென்று வாசிப்பதை விட்டுவிட்டான். மேசையில் கன்னத்தை வைத்துப் படுத்துக் கிடப்பான். சோம்பல் என்று நினைத்து ஏசினோம். பிறகுதான் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தோம். கீழே கடைவாய்ப் பல்லில் மிளகு அளவில் ஒரு கறுத்த ஓட்டை. தாயைக் கூப்பிட்டுக் கதைத்தோம். அவ தும்பு வேலைக்குப் போகிறவ. கிளினிக்குக்குப் போனால் அன்றைய சம்பளம் இல்லை. "பால்பல்தானே, விழுந்திடும்" என்றா. நாங்களும் "ஓம்" என்று தலையாட்டினோம்.

அது பால்பல் இல்லை. ஆறு வயதளவில் பால்பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அதற்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. அதனால் அது வந்தது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அதுதான் வாழ்நாள் முழுவதும் சாப்பாட்டை அரைக்க வேண்டிய பல். விழுந்தால் மறுபடி முளைக்காது.

இரண்டு கிழமை அழுதான். கராம்பு வைத்தார்கள், பனடோல் கொடுத்தார்கள். ஒரு நாள் வலி நின்றுவிட்டது. தாய்க்கும் சந்தோஷம், எங்களுக்கும் சந்தோஷம். ஒரு மாதம் கழித்து, ஒரு ராத்திரி, தாடைக்குக் கீழே வீங்கி, காய்ச்சல் அடித்து, வாய் ஒரு விரல் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. ஓட்டோவில் சுற்றுப் பாதையால் கொண்டுபோனோம். சீழை வெளியே எடுத்து, பல்லைப் பிடுங்கி, ஐந்து நாள் வார்ட்டில் வைத்திருந்தார்கள். இன்றைக்கு நல்லாயிருக்கிறான். ஆனால் அரை நாள் சம்பளம் போகும் என்று பயந்த தாய்க்கு ஏழு நாள் சம்பளம் போனது.

வலி ஏன் நின்றது? தேங்காயை நினைத்துப் பாருங்கள். பல்லின் மேல் ஓடு சிரட்டை மாதிரி. அதில் நரம்பு இல்லை. ஓட்டை அங்கே இருக்கும்வரை ஒரு வலியும் தெரியாது. அதைத் தாண்டி உள்ளே போனால் குளிர்ந்த தண்ணீரும் இனிப்பும் பட்டதும் கூசும். இன்னும் உள்ளே, நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கும் நடுப்பகுதிக்குப் போனால்தான் ராத்திரி நித்திரை கொள்ள விடாத கொதி. அந்த நரம்பு செத்துப்போனால் வலி நிற்கும். பல் சுகமாகவில்லை, செத்துவிட்டது. உள்ளே அழுகல் வேர் வழியாகத் தாடை எலும்புக்கு இறங்குகிறது. சிரட்டையை வெளியே பார்த்தால் உள்ளே பருப்பு அழுகினது தெரியுமா?

சூத்தைப் பல்லில் பூச்சி இருக்கிறது என்று கண்டங்கத்தரி விதையைப் புகைத்து வாயில் பிடிக்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. புகை பிடித்த பிறகு வெள்ளையாக விழுவது விதைக்குள் இருந்த முளை, பூச்சி இல்லை. பெர்லினில் ஆராய்ச்சி செய்த மில்லர் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் 1890இல் இதை விளக்கி எழுதினார்: வாயில் இருக்கும் கிருமிகள் சீனியையும் மாச்சாப்பாட்டையும் தின்று அமிலம் ஆக்குகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை வாயில் இனிப்புப் படுகிறது என்பதுதான் பெரிய கணக்கு. வேலைக்கு நடுவில் ஐந்து தரம் சீனி போட்ட பிளேன்டீ குடிப்பவரின் பல்லுக்கு ஐந்து தரம் அமிலம். சீனியைக் குறையுங்கள். சாப்பாட்டோடு குடியுங்கள்.

இந்தச் சீழ் உயிரையும் எடுக்கும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 2007 பெப்ரவரியில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். சூத்தைப் பல்லின் கிருமி மூளைக்குப் பரவியிருந்தது. தாய் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்த தொழிலாளி. அவர்களின் அரச மருத்துவக் காப்புறுதியும் விடுபட்டிருந்தது. அந்தப் பல்லைப் பிடுங்க 80 டொலர் போதுமாயிருந்தது. இரண்டு மூளைச் சத்திரசிகிச்சை, ஆறு கிழமைக்கு மேல் வைத்தியசாலை, இரண்டரை இலட்சம் டொலர் செலவு. பிள்ளை பிழைக்கவில்லை.

எங்கள் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் பல் வைத்தியம் இலவசம். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று பல் சிகிச்சையாளர்களும் இருக்கிறார்கள். 1921இல் நியூசிலாந்து தொடங்கிய முறை அது, 1950களில் இலங்கைக்கு வந்தது. எங்களுக்குத் தடையாக இருப்பது வைத்தியரின் கட்டணம் இல்லை. மண்டூரில் இருந்து குருமண்வெளிக்குப் பாதையில் கடக்க வேண்டும், பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், அன்றைய சம்பளத்தை விட வேண்டும். அதனால்தான் இது சங்கப் பிரச்சினை என்று சொல்கிறோம்.

எல்லாரும் ஞாபகம் வைக்க வேண்டியது:

கறுத்த ஓட்டை, கூச்சம் இருந்தால் அப்போதே போங்கள். அந்த நேரத்தில் அடைத்துவிடலாம். பிந்தினால் வேர் சிகிச்சை, அதற்கும் பிந்தினால் பிடுங்கல்தான்.

வலிக்குப் பனடோல் போடலாம். பெரியவர்களுக்கு 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை 8க்கு மேல் கூடாது. குளிசையை நசித்து முரசில் வைக்காதீர்கள், புண்ணாகும். அஸ்பிரின் வைத்தால் முரசு வெந்துவிடும். பழைய அன்டிபயோட்டிக் குளிசை வாங்கிப் போட்டால் வீக்கம் கொஞ்சம் வற்றும், பல் அப்படியே கிடக்கும், சீழ் திரும்பி வரும்.

தாடைக்குக் கீழேயோ கழுத்திலோ வீக்கம், வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டம், மூச்சுத் திணறல், கண் வீங்கி மூடுதல், காய்ச்சலோடு கன்னம் வீங்குதல். இதில் ஒன்று வந்தாலும் விடியும் வரை பார்த்திருக்காதீர்கள். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேட்காது.

சீனி வருத்தம் உள்ளவர்கள், இதய வால்வில் குறை உள்ளவர்கள், கர்ப்பிணித் தாய்மார் அதை முதலில் பல் வைத்தியரிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் பிள்ளை பிறக்கட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, மருத்துவமாதுவிடம் கேளுங்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்கள் வாயில் ஆறாத வெள்ளை, சிவப்புத் திட்டு இருந்தால் பல்லோடு அதையும் காட்டுங்கள். எங்கள் நாட்டு ஆண்களுக்குக் கூடுதலாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்.

ராத்திரி படுக்கப் போகுமுன் புளோரைட் பற்பசையால் பல் தீட்டுங்கள். பிறகு துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒரு அரிசி மணி அளவு போதும்.

சங்கம் செய்ய வேண்டியதையும் சொல்கிறோம். பல் கிளினிக்குக்குத் துண்டோடு போய் வருகிறவருக்கு அரை நாள் சம்பளம் வெட்டக் கூடாது என்று முகாமையிடம் கேட்போம். ஏழு நாள் வேலைக்கு வராமல் இருப்பதை விட அரை நாள் அவர்களுக்கும் லாபம்தான். ஆறு வயதில் இருந்து பத்து வயது வரையுள்ள பிள்ளைகளின் பேரைத் தவணைக்கு ஒருமுறை பாடசாலையில் எழுதுவோம். ஒரு தாய் பத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாதை கடக்கட்டும், அவவின் அன்றைய சம்பளத்தை மற்ற வீடுகள் பங்குபோட்டுக் கொடுக்கட்டும். இது முகாமையின் அனுமதி இல்லாமலே அடுத்த கிழமை தொடங்கலாம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லிக் கடைசிப் பல்லைப் பாருங்கள். நாங்கள் பிந்திப் பார்த்தோம். நீங்கள் பிந்த வேண்டாம்.