உறங்காத அப்பாவும் உறங்கிய சூசையப்பரும்

(திருக்குடும்ப விழாவான 30-12-2018 ஞாயிறன்று ஒலிபரப்பான வானொலி மறையுரை. நற்செய்தி: லூக்கா 2: 41-52)



கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், கொட்டாரம் பக்கத்தில் ஒரு வீட்டைச் சந்திக்கப் போயிருந்தேன். அந்த வீட்டாரின் அனுமதியோடு சொல்கிறேன்; பெயர் வேண்டாம். வீட்டின் அம்மா வளைகுடா நாட்டில் செவிலியர். அப்பா, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, பிள்ளைகளோடு ஊரில் இருக்கிறார். "இருங்க ஃபாதர், ஒரு கட்டன்காப்பி போடுகேன்" என்று அவர் அடுக்களைக்குள் போனார். பிள்ளைகள் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்கு வந்த ஒருவரிடம் அம்மா கொடுத்தனுப்பிய டி.வி.டி. ஓடிக்கொண்டிருந்தது. நானும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தேன்.

படத்தின் பெயர் 'இன்கிரெடிபிள்ஸ் 2'. பிக்ஸார் நிறுவனத்தின் கார்ட்டூன் படம். முதல் பாகம் 2004-இல் வந்தது. 14 ஆண்டுகள் கழித்து, அதே இயக்குநர் பிராட் பேர்ட் இரண்டாம் பாகத்தை எடுத்தார். 2018 ஜூனில் திரையரங்குகளுக்கு வந்த படம், நவம்பர் 6-ஆம் நாள் அமெரிக்காவில் டி.வி.டி.யாக வெளியானது. இந்தியில் அந்த அம்மாவுக்குக் குரல் கொடுத்திருப்பவர் நடிகை கஜோல்.

கதை இதுதான். அப்பா, அம்மா இருவருக்கும் அபூர்வ சக்தி உண்டு. ஆனால் அந்த ஊரில் சட்டம் அவர்களைத் தடை செய்திருக்கிறது. அந்தத் தடையை நீக்கப் பாடுபடும் ஒருவர், இந்த முறை அம்மாவை மட்டும் வேலைக்கு அழைக்கிறார். பாறையையே தூக்கும் அப்பா பாப், மூன்று பிள்ளைகளோடு வீட்டில் இருக்க வேண்டியதாகிறது. வெளியே சிரிக்கிறார், உள்ளுக்குள் வலிக்கிறது. மனைவியின் வெற்றியை டி.வி.யில் பார்க்கும்போது அவர் முகம் வாடுகிறது.

வீட்டுக்குள்தான் அவருக்குச் சோதனை. மூத்த மகள் கோபித்துக்கொண்டு பேச மறுக்கிறாள். இரண்டாமவனின் கணக்குப் பாடம் அப்பாவுக்கே புரியவில்லை. கைக்குழந்தையோ திடீரென்று தீப்பற்றி எரிகிறது, சுவரைத் தாண்டி மறைகிறது. மனைவி போனில் கேட்டால், "எல்லாம் நல்லா இருக்கு" என்கிறார். அவள் மனம் கலங்கி வேலையை விட்டு ஓடிவரக் கூடாதே என்ற எண்ணம். கடல் கடந்து போன் பேசும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு இந்தப் பதில் புதிதல்ல.

படம் முடிந்ததும், "உங்களுக்கு எந்த இடம் ரொம்பப் பிடிச்சுது?" என்று கேட்டேன். சண்டைக் காட்சியைச் சொல்வார்கள் என்று நினைத்தேன். நடுப்பிள்ளை சொன்னான்: "அந்த அப்பா ராத்திரி உறங்காம இருந்து கணக்கு படிச்சு, காலையில மகனுக்குச் சொல்லிக் குடுக்காருல்லா, அதுதான் ஃபாதர். எங்க அப்பாவும் அப்படித்தான்."

காப்பியோடு வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்: "பொண்டாட்டி சம்பாத்தியத்துல உட்கார்ந்து திங்கான்னு ஊருல சொல்லுகாங்க ஃபாதர். அதனால கல்யாண வீட்டுக்குக்கூட நான் போறதில்ல. இவன் இப்படி நினைச்சிருக்கான்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

அன்பானவர்களே, ஒரு மனிதனை உறவினரின் கல்யாணத்துக்குக்கூடப் போகவிடாமல் செய்தது யார்? நாம்தான். நம் கேலிப் பேச்சுதான்.

இன்றைய நற்செய்தியில் பன்னிரண்டு வயது இயேசு காணாமல் போகிறார். மரியாவும் சூசையப்பரும் மூன்றாம் நாள்தான் அவரைக் கோவிலில் கண்டுபிடிக்கிறார்கள். "பிள்ளையைப் பார்ப்பது உன் வேலைதானே" என்று சூசையப்பர் மரியாவைக் கடிந்துகொண்டதாக லூக்கா எழுதவில்லை. இருவரும் சேர்ந்தே தேடினார்கள், இருவரும் சேர்ந்தே கலங்கினார்கள். மகனிடம் பேசும் மரியா, தம் துயரத்தோடு சூசையப்பரின் துயரத்தையும் சேர்த்தே சொல்கிறார்.

அதன் பிறகு இயேசு நாசரேத்துக்குத் திரும்பி, பெற்றோருக்குப் பணிந்து வாழ்ந்தார். அவர் பணியைத் தொடங்கியபோது ஏறக்குறைய முப்பது வயது. உலகை மீட்க வந்தவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு சிற்றூர் வீட்டில் கழித்திருக்கிறார். அப்படியானால், வீட்டில் செய்யும் வேலையைச் சின்ன வேலை என்று சொல்ல நாம் யார்?

சூசையப்பர் பேசியதாக நற்செய்திகளில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் மத்தேயு நற்செய்தியில் நான்கு முறை அவருக்குக் கனவில் இறைவனின் செய்தி வருகிறது. மனைவியை ஏற்றுக்கொள்ளச் சொன்னதும் ஏற்றுக்கொண்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடச் சொன்னதும் இரவோடு இரவாகப் புறப்பட்டார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், உறங்கும் சூசையப்பரின் சுரூபம் ஒன்றை வைத்திருந்தார். தமக்கு ஒரு சிக்கல் வந்தால் அதை ஒரு தாளில் எழுதி அந்தச் சுரூபத்தின் அடியில் வைப்பதாக அவரே சொல்லியிருக்கிறார். படத்தில் வரும் அப்பா பிள்ளைக்காக உறக்கத்தை விட்டார். சூசையப்பர் உறக்கத்திலும் பிள்ளைக்காகக் காது கொடுத்தார். இரண்டும் ஒரே அன்புதான்.

படத்தில் இன்னொன்றும் உண்டு. களைத்துப்போன பாப், கைக்குழந்தையைத் தோழி எட்னாவிடம் தூக்கிக்கொண்டு போகிறார். அவர் அதை ஓர் இரவு பார்த்துக்கொள்கிறார். அபூர்வ சக்தி உள்ளவருக்கே உதவி தேவைப்பட்டது என்றால் மற்றவர்களுக்கு? 2017-இல் ஒக்கிப் புயல் வீசியது. நம் கடற்கரை ஊர்களில் அப்பா திரும்பி வராத வீடுகள் எத்தனை! அங்கே ஒரே ஆள் அம்மாவாகவும் அப்பாவாகவும் நிற்கிறார். அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒருநாள் கணக்குச் சொல்லிக்கொடுக்க, ஒரு மாலை நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, நம் அன்பியங்களில் ஆள் இருக்கிறதா?

படத்தின் வில்லி துப்பாக்கியால் மிரட்டவில்லை. திரைகளின் வழியாக மனிதர்களை மயக்குகிறாள். கடைசியில் அப்பா, அம்மா இருவர் கண்ணிலும் மயக்கும் கண்ணாடி மாட்டப்படுகிறது. அம்மாவின் கண்ணாடியைக் கழற்றுவது யார் தெரியுமா? அந்தக் கைக்குழந்தை! கண் தெளிந்த அம்மா, அப்பாவின் கண்ணாடியைக் கழற்றுகிறார். திரை எல்லாம் தீமை என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கும் அம்மாவின் முகத்தை அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டுவதும் அதே செல்போன் திரைதான். ஆனால் பக்கத்தில் நிற்கும் பிள்ளையை அது மறைத்தால், அது நம் கண்ணில் மாட்டிய கண்ணாடி. பிள்ளை கையைப் பிடித்து இழுக்கும்போது எரிச்சல் வேண்டாம். ஒருவேளை அது நம் கண்ணாடியைக் கழற்றப் பார்க்கிறது.

பாப் தம் மகளிடம் மன்னிப்புக் கேட்கிறார். அதன் பிறகுதான் அவள் மனம் இளகுகிறது. 'தயவுசெய்து', 'நன்றி', 'மன்னித்துக்கொள்' என்ற மூன்று சொற்களைக் குடும்பங்களுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் அடிக்கடி நினைவூட்டினார். இன்று இரவு குடும்ப செபத்துக்கு உட்காரும்போது, வீட்டு வேலையைச் சுமப்பவருக்கு, அது அம்மாவோ அப்பாவோ பாட்டியோ, பிள்ளைகள் முன்னால் ஒரு நன்றி சொல்லுங்கள். யாரையாவது கேலி செய்திருந்தால், புத்தாண்டுக்கு முன் அந்த வீட்டுப் படியேறி ஒரு மன்னிப்புக் கேளுங்கள்.

கிளம்பும்போது அந்த அப்பா, "வர்ற மாசம் என் மச்சான் மகளுக்குக் கல்யாணம் ஃபாதர். பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போகப் போறேன்" என்றார். அவர் போகட்டும். அவரைக் கைபிடித்து முன்வரிசையில் உட்காரவைக்க நாம் அங்கே இருப்போம்.

நாசரேத் திருக்குடும்பம் நம் குடும்பங்களுக்காகப் பரிந்து பேசுவதாக. எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.