ஆத்துல தண்ணி ஓடணும்


மதுரை மாநகராட்சியின் குடிநீருக்காக, லோயர்கேம்பில் முல்லைப் பெரியாறு தண்ணியை எடுத்துக் குழாய் வழியா கொண்டுபோற திட்டம் சுமார் 1,295 கோடி ரூபாய். தினமும் 12.5 கோடி லிட்டர். மதுரையில நம்ம பிள்ளைகளும் இருக்காங்க. கொடுக்க வேண்டாம்னு நாம சொல்லலை. ஆனா ஆத்துல ஓடினா, போற வழியில வயலுக்கும் பாயும், கரையோரக் கிணத்துலயும் ஊறும். குழாய்ல போனா ஊறாது. அதனாலதான் வைகை அணையில இருந்து எடுக்கச் சொல்லி விவசாயிகள் போராடினாங்க. கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோக நெல். நடவும் களையெடுப்பும் நம்ம பெண்களோட கூலிதானே! ஆத்துல தண்ணி குறையக்கூடாதுன்னு ஒவ்வொரு குழுவும் கிராம சபையில தீர்மானம் கேக்கணும். குடம் சுமக்குறது நாம. கேக்க வேண்டியதும் நாமதான்.