பள்ளிக்கூடத்து வாசல்

(காரைக்காலில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



எந்த ராஜா எந்தக் கோயிலைக் கட்டினான் என்று கேட்டால் நம் ஊரில் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். பள்ளிக்கூடம் கட்டியவன் யார் என்று கேட்டால் பெரியவர்களே விழிப்பார்கள். ஆகையால்தான் இன்று ஒரு பள்ளிக்கூடத்தின் கதையைச் சொல்ல வந்திருக்கிறோம்.

புதுச்சேரி மிஷன் வீதியில் உயர்ந்த வளைவுகளோடு நிற்கும் வ.உ.சி. அரசுப் பள்ளிக் கட்டிடத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். புராதனக் கட்டிடமென்று பட்டியலில் ஏறியது அது. 1877-இல் கலவை சுப்பராய செட்டியார் என்னும் தனவந்தர் இந்தியப் பிள்ளைகள் படிப்பதற்காக ஏற்படுத்தினார். பிரெஞ்சுக்காரர் வாயில் அது கல்வே காலேஜ். 1885-இல் பிரெஞ்சு சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது.

இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஏன் ஒரு பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது? 1826-இல் அங்கே ஏற்பட்ட காலேஜ் வெள்ளையர் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. மற்றவர்களிலும் ஜாதியாருக்கு ஒரு பள்ளி, தீண்டாதாரென்று தள்ளப்பட்டவர்களுக்கு வேறு பள்ளி என்று பிரித்தே வைத்தார்கள். 1789-இல் சமத்துவம், சகோதரத்துவம் என்று உலகமெல்லாம் கேட்க முழங்கிய தேசத்தின் கொடி பறந்த ஊரிலேதான் இது நடந்தது! அதற்கும் முன்னே, 1745-இல், சம்பாக் கோயிலுக்குள்ளேயே ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்களை மறைத்து நிறுத்த ஒரு சுவர் இருந்ததையும், அதனால் தகராறு எழுந்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கப்பலேறி வந்த சாமியும் கரையிறங்கியதும் நம் ஜாதிக்கு அடங்கிவிட்டது என்பதல்லாமல் இதற்கு வேறு என்ன அர்த்தம்?

நிற்க. அந்தக் கல்வே காலேஜில் படித்து வெளியே வந்தார் கனகசுப்புரத்தினம் என்ற இளைஞர். 1909-இல், தம் 18-ஆவது வயதில், நம் காரைக்காலை அடுத்த நிரவியில் தமிழ் வாத்தியாராக உத்தியோகம் ஏற்றார். அவர்தான் பிற்காலத்தில் சுயமரியாதை இயக்கத்தின் கவிஞராக விளங்கிய பாரதிதாசன். 1946-இல் ஓய்வு பெறும் வரை 37 வருஷம் அவர் வாத்தியாராகவே இருந்தார். செட்டியார் அந்தப் பணத்தைக் கும்பாபிஷேகத்துக்குக் கொடுத்திருந்தால் ஒரு வேளைச் சாப்பாடும் ஒரு கல்வெட்டும் மிஞ்சியிருக்கும். பள்ளிக்குக் கொடுத்ததால் நிரவிக்கு ஒரு வாத்தியார் கிடைத்தார். தமிழுக்கு ஒரு கவிஞர் கிடைத்தார்.

கட்டிடத்தின் பிற்காலமும் ஒரு பாடம். சுண்ணாம்புக் காரைக் கட்டிடத்தின் மெத்தையில் மழைநீர் தேங்கினால் உத்திரம் உளுக்கும். வெடிப்பில் ஆலங்கன்று முளைத்தால் சுவர் பிளக்கும். புதுச்சேரியின் பழைய மேரி கட்டிடம் 2014 நவம்பர் மழையில் இடிந்தே விழுந்தது. கல்வே காலேஜும் பழுதாகித்தான் கிடந்தது. பூசணிக்காய் உடைத்ததனாலோ வாஸ்து பார்த்ததனாலோ அது பிழைக்கவில்லை. உலக வங்கிக் கடன் பணத்தைக் கொண்டு, கொத்தனாரும் தச்சரும் பாடுபட்டு அதைச் செப்பனிட்டார்கள்.

ஆனால் தோழர்களே, சுவரைக் காப்பது பாதி வேலைதான். பிரான்சில் 1881-இல் ஆரம்பக் கல்வி இலவசமாயிற்று, 1882-இல் கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி உரிமையென்ற சட்டம் 2010 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது. 128 வருஷம் பிந்தினோம். நம் பிள்ளைகளுக்கு மூளை குறைவு என்பதா இதற்குக் காரணம்? எழுத்து சிலருக்கே உரியதென்று சொன்ன தர்மத்தை நாம் நெடுங்காலம் பொறுத்துக் கொண்டதே காரணம்.

நம் ஊர் மாங்கனித் திருவிழாவில் வீசும் பழத்தைப் பிடிக்க ஆயிரக்கணக்கில் கூடுகிறோம். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டமென்றால் எத்தனை பேர் போகிறோம்? கூரை ஒழுகுகிறதா, வாத்தியார் போதுமா, எந்த வீட்டுப் பெண் படிப்பை நிறுத்திக்கொண்டாள் என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இதுதான். பழைய கட்டிடத்தைக் கண்டால் அதன் வளைவைப் பார்த்து மயங்கி நிற்காதீர்கள். அதன் வாசலில் யாரை உள்ளே விட்டார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். பிறகு உங்கள் தெருப் பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போய் அதே கேள்வியைக் கேளுங்கள். ஒரு பிள்ளையாவது வெளியே நின்றால், கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள்.