நினைவும் நோயும்

(அய்யனார் கோவில் அடிவாரத்தில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



'நீர் காத்த அய்யனார்' என்று இந்தச் சாமிக்கு நம் முன்னோர் பெயர் வைத்தார்கள். தண்ணீரைக் காத்தவனை ஜனங்கள் மறப்பதில்லை. ஆனால் மனிதர்களை எப்படி நினைப்பது? அதைப் பற்றித்தான் இன்று நாம் பேச வேண்டும்.

ராஜபாளையத்தில் பிறந்தவர் பி. எஸ். குமாரசாமி ராஜா. 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தை ஆண்டார். 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஜனங்கள் அவரைத் தோற்கடித்தார்கள். 1954-ல் ஒரிஸ்ஸா கவர்னரானார். உடல் நலம் கெட்டது. 1956-ல் பதவியை விட்டு விலகினார். 1957 மார்ச்சில் காலமானார். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர் அவர். முடியாதபோது நாற்காலியைப் பிடித்துத் தொங்காததும், வீட்டைக் கொடுத்ததும் நல்ல காரியங்களே. இதைச் சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

ஆனால், அவர் முதன் மந்திரியாக இருந்தபோதுதான், 1950 பிப்ரவரி 11-ந் தேதி, சேலம் சிறையில் துப்பாக்கி வெடித்தது. நம் தோழர்கள் 22 பேர் மாண்டார்கள். நோயாளி யாராயினும் இரங்குவோம். அதற்காக, நோயும் சாவும் கணக்கை அழித்துவிடா. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான நினைவு.

சரி, மந்திரியின் நோய் சரித்திரத்தில் ஏறிவிட்டது. தொழிலாளியின் நோய் எங்கே ஏறியது?

புளோரூமிலும் கார்டிங்கிலும் பஞ்சுத் தூசியைச் சுவாசிக்கிறோம். ஞாயிறு ஓய்வெடுத்துத் திங்கள் வேலைக்குப் போனால் நெஞ்சு இறுகுகிறது. இரண்டு நாளில் சரியாகிறது. வருஷங்கள் போகப் போக, எல்லா நாளும் மூச்சு முட்டுகிறது. டாக்டர்கள் இதை 'பிஸினோஸிஸ்' என்கிறார்கள். நஷ்டஈட்டுக்குரிய தொழில் நோய் என்று சட்டமே ஏற்றுக்கொண்ட வியாதி இது. ஆனால் 'பீடி இருமல்' என்று சொல்லி நம்மவரைப் புதைத்துவிடுகிறோம். பருத்திக் காட்டில் பூச்சிமருந்து அடித்து, வாந்தியெடுத்து மயங்கி விழுகிற விவசாயத் தொழிலாளிக்கோ, 'வெயில் தாங்கவில்லை' என்று பெயர்!

நாமும் காசநோயில் ஆறு மாதம் மாத்திரை தின்றோம். ஊர் ஊராய்ப் பேசிய வாய்க்கு, நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. கஞ்சி கொண்டுவந்தவர்கள் இரண்டாம் ஷிப்ட் முடித்த தோழர்கள். 'முதலில் மாத்திரை, பிறகு மீட்டிங்' என்று அதட்டியவர்களும் அவர்களே. பொது வாழ்வில் இருப்பவன் தன் உடம்பைத் தன் சொந்தச் சொத்தாக நினைத்துப் பாழாக்க உரிமை இல்லை என்பதை அவர்கள்தான் நமக்குக் கற்பித்தார்கள்.

வேலை போய்விடும் என்று பயந்து நோயை மறைக்கிறோம். தனியாள் வெளியே சொன்னால் வேலை போகலாம். நூறு பேர் சேர்ந்து சொன்னால் அது கோரிக்கை.

ஆகவே தோழர்களே, சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுவோம். யாருக்கு நெஞ்சு இறுகுகிறது, எந்தக் காதாவில் எத்தனை வருஷம் உழைத்தார், டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுவோம். இறந்தவர் பெயரையும் எழுதுவோம். மாலை போடுவதற்கு மட்டுமல்ல. உயிரோடிருப்பவர் மூச்சுக்காக, அந்த நோட்டைக் கையில் பிடித்து நியாயம் கேட்பதற்காக!