வயற்புறத்துப் பாம்பும் விவசாயியின் தற்காப்பும்



ஆரப்பாளையம் இக்காலத்தில் பேருந்து நிலையத்தால் அறியப்படும் பட்டணப் பகுதியே. ஆயினும் அங்கிருந்து வைகைக் கரையோடு மேற்கே சோழவந்தான் மார்க்கமாகச் செல்பவர் நெல்வயலும் தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமும் காண்பர். 1895-ஆம் வருஷத்தில் பெரியாற்றணை கட்டி முடிந்து, மேற்கே பாய்ந்த ஜலம் இச்சமவெளிக்குத் திருப்பப்பட்டது முதல் இப்பிரதேசத்தில் நெற்சாகுபடி விருத்தியடைந்தது. நெல் உள்ள இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்தில் பாம்பு உண்டு. பாம்பை அடியோடு ஒழிப்பதென்பது நடவாத காரியம். நடந்தாலும் எலிக்கே லாபம். ஆகவே கடிபடாதிருப்பது எவ்வாறு, கடிபட்டால் உயிர் தப்புவது எவ்வாறு என்பவையே இங்கு ஆராயத்தக்கவை.

இஃது அற்ப விஷயமன்று. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020-இல் வெளியான ஆராய்ச்சியொன்று மதிப்பிட்டது. அதாவது வருஷத்துக்குச் சுமார் 58,000 பேர். ஆஸ்திரேலியாவில் இந்நாட்டுப் பாம்புகளினும் கொடிய விஷமுள்ளவை பல உண்டு. அங்கேயோ வருஷத்தில் இறப்போர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. அந்நாட்டில் ஜனநெருக்கம் குறைவு; வெறுங்காலுடன் வயலில் உழைப்போரும் வெறுந்தரையில் உறங்குவோரும் அரியர்; கடிபட்டவர் தாமதமின்றி வைத்தியசாலை சேர்கின்றனர்.

இப்பக்கத்துப் பாம்புகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. சாரைப்பாம்பு எலியைத் தின்று விவசாயிக்குக் கூலியில்லா வேலை செய்கிறது. கொம்பேறிமூக்கனைப் பற்றிச் சொல்லப்படும் பயங்கரக் கதைகள் யாவும் வீண். மனிதரை அதிகமாக மாய்ப்பவை நான்கே: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். கண்ணாடிவிரியன் வரப்பிலும் வைக்கோற்போரிலும் அசையாது சுருண்டு கிடக்கும். நெருங்கினால் துருத்தி ஊதுவது போலச் சீறும். சுருட்டைவிரியன் சிறியது, வறண்ட கல்லாங்காட்டில் வசிப்பது.

இவற்றுள் மிக்க வஞ்சகமுள்ளது கட்டுவிரியன். பகலில் சாதுவாக ஒதுங்கிக் கிடக்கும் இது, இரவில் இரை தேடி வீட்டுக்குள் புகுந்து, பாயில் உறங்குபவரைக் கடிக்கிறது. கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரும்பாலும் இராது. பல் பதிந்த அடையாளமும் கண்ணுக்குப் புலப்படாது போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பவரை, அஜீரணம் என்று கருதிக் கஷாயம் கொடுத்து வைத்திருப்பர். சிறிது நேரத்தில் கண்ணிமை தானே மூடும், நாக்குக் குழறும், பின்பு மூச்சு நின்றுவிடும். தரையில் படுத்தவர் காரணமின்றி வயிற்றுவலியோடு எழுந்து, கண்ணிமை சோர்ந்தால், பாம்பை எவரும் காணாவிடினும் பாம்புக்கடி என்றே கொண்டு வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லவேண்டும். கயிற்றுக் கட்டிலும், ஓரங்களைப் படுக்கையின் கீழ்ச் செருகிய கொசுவலையும் இவ்வபாயத்துக்குச் சிறந்த காப்பு.

மற்றக் காப்புகளும் பெருஞ்செலவுடையனவல்ல. இரவில் மடை திருப்பச் செல்பவர் டார்ச் விளக்கும் கைத்தடியும் இன்றிப் புறப்படலாகாது. விறகையும் வரட்டியையும் வீட்டுச் சுவரோடு அடுக்கலாகாது. வைக்கோலை உருவுமுன் கோலால் தட்டுதல் நலம். பொந்தில் கை விடுதல் கூடவே கூடாது. முழங்கால் வரையுள்ள ரப்பர் பூட்ஸ் நல்லதே. ஆனால் நடவு வயற்சேற்றில் அது காலைப் பற்றிக்கொள்ளும் என்பதைச் சேற்றில் இறங்கியவர் அறிவர். வரப்பிலும், அறுப்புக் காலத்திலும், கரும்புத் தோட்டத்திலும் அணியலாம். விளக்கையும் பூட்ஸையும் சங்கமே மொத்தமாக வாங்கி அங்கத்தினருக்குத் தவணையில் கொடுப்பது, உரம் கொடுப்பது போன்றதொரு காரியமே. சங்கக் கிடங்கில் எலி புகாமல் பார்ப்பதும் இதில் அடங்கும்.

வீட்டில் பாம்பைக் கண்டால் அடிக்க முயலற்க. அடிக்கப் போய்க் கடிபட்டோர் பலர். 1972-ஆம் வருஷத்து வனஜீவிப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தடுக்கிறது. தீயணைப்பு நிலையத்துக்குச் செய்தி அனுப்பினால் வந்து பிடித்துச் செல்வர்.

கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்க வைத்து, அவயவத்தை மூங்கிற்பத்தையோடு தளர்வாகக் கட்டி அசையாமல் செய்தல் வேண்டும். மோதிரம், மெட்டி, கொலுசு ஆகியவற்றை உடனே கழற்றுக. கயிற்றால் இறுகக் கட்டினால் அவ்வவயவமே அழுகக்கூடும்; முன்னமே கட்டியிருந்தால் வைத்தியர் முன்னிலையில்தான் அவிழ்க்கவேண்டும். கீறுதல், உறிஞ்சுதல், சாராயம் கொடுத்தல் யாவும் கேடு. ஆஸ்திரேலியாவில் 1979 முதல் அவயவம் முழுவதும் அழுத்தித் துணி சுற்றும் முறை உண்டு. அந்நாட்டுப் பாம்புக்கு அது தக்கது. கடித்த இடத்தையே அழிக்கும் விரியன் விஷத்துக்கு அதனால் கெடுதி நேரலாம். 108-க்குச் சொல்லி வண்டி வரவழைப்பதே முதற்காரியம். மதுரையில் இராஜாஜி அரசாங்க வைத்தியசாலை வைகையின் வடகரையில் இருக்கிறது.

மந்திரித்துப் பிழைத்தவர் உண்டே என்று முதியோர் கேட்பர். அவர் பிழைத்ததும் மெய்யே. விஷமற்ற பாம்பு கடித்தாலும், விஷமுள்ளது விஷத்தை இறக்காமல் கடித்தாலும், எவர் மந்திரித்தாலும் மந்திரியாவிடினும் ஆள் பிழைப்பான். விஷம் ஏறியவனுக்கோ மந்திரிக்கும் நேரமே உயிருக்குரிய நேரம். மனத்தேறுதலுக்கு வேண்டுமாயின் வண்டி போகும்போதே ஜபிக்கலாம்.

விஷமுறிவு மருந்து ஒன்றுதான். 1890-களில் பிரெஞ்சு வைத்தியர் கால்மெட் முதலியோர் கண்டறிந்த முறைப்படி, குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷம் ஏற்றி அதன் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. நான்கு பாம்புக்கும் அதுவே ஏற்றது. ஆதலால் பாம்பைப் பிடித்து வரும் அவசியமில்லை. குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றே. ஏனெனில் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. இம்மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியை நெடுங்காலமாக அளித்து வருவது ஓர் ஐக்கிய சங்கம் என்பது அங்கத்தினர் அறியத்தக்கது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் சங்கமே அது. தோல் வியாபாரம் தடுக்கப்பட்டுப் பிழைப்பிழந்த இருளர், பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்துத் திரும்பக் காட்டில் விடுகின்றனர். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவர் 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

தமிழ்நாட்டு அரசாங்கம் 1939-ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ், பாம்புக்கடியை அறிவிக்கத்தக்கவற்றில் 2024-இல் சேர்த்தது. இனிக் கடிபட்டோர் தொகை ஊர்தோறும் கணக்கில் வரும். மருந்து எங்கே எவ்வளவு தேவை என்பதும் அதனால் தெளிவாகும்.

வைத்தியசாலையில் வீக்கம் இல்லையென்று கண்டு உடனே வீடு திரும்ப அவசரப்படுவோர் உளர். உலர்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து 20 நிமிஷம் அசையாமல் வைப்பர். உறையாவிடில் விரியன் விஷம் என்று அறிவர். முதலில் உறைந்த இரத்தம் பின்பு உறையாமற் போவதும் உண்டு; ஆதலால் ஒரு நாள் முழுதும் அங்கே தங்குதல் வேண்டும். கண்ணாடிவிரியன் விஷம் சிறுநீரகத்தைத் தாக்குமாதலால், வீடு வந்த பின்னரும் சிறுநீர் குறைந்தாலோ முகம் அதைத்தாலோ, வேலை நாள் போகிறதே என்று பாராமல் அன்றைக்கே வைத்தியரிடம் மீளவேண்டும்.